எழுத்து படிப்பதற்கா? கும்பிடுவதற்கா?

(மரக்காணம் உப்பளப் பகுதியில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அலங்கார எழுத்துக்களைப் பற்றியதாகும். அதாவது, கல்வெட்டு எழுத்து மாதிரி, ஓலைச்சுவடி எழுத்து மாதிரி, செப்பேட்டு எழுத்து மாதிரி என்று சொல்லிக்கொண்டு இப்போது கம்ப்யூட்டரில் செய்து அச்சுக்கடைகளுக்கு வந்திருக்கிறதே, அந்த எழுத்துருக்களைப் பற்றியதாகும். உப்பு வாருகிற ஊரிலே வந்து கூலியைப் பற்றிப் பேசாமல், குடிதண்ணீரைப் பற்றிப் பேசாமல், எழுத்தின் நகை நட்டுகளைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். கூலிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. கொஞ்சம் பொறுமையாய்க் கேட்டால் அது தானாகவே விளங்கிவிடும்.

பஸ்ஸை விட்டு இறங்கி இங்கு வருகிற வழியில் எத்தனை பலகைகள் இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டே வந்தோம். கும்பாபிஷேகப் பிளக்ஸ் ஒன்று. அதில் எழுத்தெல்லாம் உளி கொண்டு வெட்டினதுபோல் ஓரம் உடைந்து கிடக்கின்றது. நாட்டு மருந்துக்கடைப் பலகை ஒன்று. அதில் எழுத்து ஓலையில் கீறினதுபோல் மெலிந்து சுருண்டு கிடக்கின்றது. யோகாசனம் சொல்லிக்கொடுக்கிற இடத்துப் பலகை ஒன்று; அதிலே தமிழ் எழுத்துக்களின் தலைக்குமேல் இந்தி எழுத்துக்கு இருப்பதுபோல் ஒரு கோட்டை இழுத்து, கொடியிலே துணி காயப்போட்டது மாதிரி எழுத்துக்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தமிழுக்கு எந்தக் காலத்திலும் அந்தத் தலைக்கோடு கிடையாது. ஆனால் கோடு போட்டவுடன் அதற்கு ஒரு தெய்வீகம் வந்துவிடுவதாக நினைப்பு. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு பெரியவர் ஒரு பிளக்ஸின் முன் நின்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கிட்டே போய்ப் பார்த்தோம். அது கடற்கரைச் சாலையில் மனை விற்கிறவன் விளம்பரம்! எழுத்து கோயில் சுவரில் இருப்பதுபோல் இருந்ததே தவிர வேறு ஒரு குற்றமும் அந்தப் பெரியவர்மீது இல்லை.

அந்தப் பெரியவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் மனை விற்கிறவன் சிரிக்கவில்லை, தோழர்களே! இந்த எழுத்தைக் கண்டால் ஜனங்களுக்குக் கை குவியும், வாய் கேள்வி கேட்காது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் காசு கொடுத்து அந்த எழுத்தைப் போட்டிருக்கிறான்.

நிற்க. பழைய எழுத்து என்றால் என்ன? அது ஏன் அந்த உருவத்தில் இருந்தது? இதை முதலில் தெரிந்துகொண்டால் பாதி மயக்கம் தெளிந்துவிடும். கல்லில் எழுதினவன் கையில் உளி இருந்தது. ஓலையில் எழுதினவன் கையில் எழுத்தாணி இருந்தது. தோலிலும் காகிதத்திலும் எழுதின ஐரோப்பியன் கையில் பறவையின் இறகைச் சீவின பேனா இருந்தது. உளி வெட்டும் விதத்தில் எழுத்து வந்தது. எழுத்தாணி கீறும் விதத்தில் எழுத்து வந்தது. இதில் ரிஷியும் இல்லை, வரமும் இல்லை. நம்முடைய மரக்காணத்துப் பூமீஸ்வரர் கோயில் சுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் இருக்கின்றன. அவற்றில் என்ன எழுதியிருக்கிறது? மோட்சத்துக்கு வழி எழுதியிருக்கிறதென்று நினைத்துக்கொண்டு மஞ்சளும் குங்குமமும் பூசுகிறவர்கள் உண்டு. எழுதியிருப்பதெல்லாம் கணக்கு. நிலம் கொடுத்த கணக்கு, விளக்கு எரிக்க ஏற்பாடு செய்த கணக்கு, வரிக்கணக்கு, உங்கள் முன்னோர் உழைத்த உப்பளங்களைப் பற்றிய கணக்கு. தமிழ்நாடு முழுதும் கோயில் சுவர்கள் இப்படித்தான் இருக்கின்றன. ஒரு விளக்குக்கு 90 ஆடு, 96 ஆடு என்று எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்குப் பத்திர ஆபீசில் எழுதுகிற பத்திரம் எதுவோ அதுதான் அன்றைக்குக் கல்வெட்டு.

அந்தக் கல்லை வெட்டின தச்சன் பழைய எழுத்தில் வெட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் காலத்தில் எது நடப்பு எழுத்தோ, எதைக் கணக்குப்பிள்ளையும் ஊர்ச்சபையாரும் அன்றாடம் படித்தார்களோ, அந்த எழுத்தில் வெட்டினான். அவனுக்கு ஆயிரம் வருஷம் முந்திய எழுத்தும் இருக்கத்தான் செய்தது. இதே விழுப்புரம் வட்டாரத்தை அடுத்துத் திருக்கோவலூர்ப் பக்கம் ஜம்பை என்கிற ஊரில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைச் சொல்லும் கல்வெட்டு ஒன்றை 1981-இல் கண்டுபிடித்தார்கள். அது தமிழ் பிராமி எழுத்து. ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முந்தியது. ராஜராஜன் காலத்துத் தச்சன், பழமைக்குத்தான் மகிமை என்று எண்ணி அந்தப் பிராமி எழுத்தில் வெட்டினானா? வெட்டியிருந்தால் அவனுடைய கணக்கை எவன் படித்திருப்பான்? சோழன் செய்யாத மூடத்தனத்தைச் சோழன் பெயரால் நாம் செய்கிறோம்.

இன்னொன்று. அந்தக் காலத்துக் கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. ‘உப்பு’ என்பதை ‘உபபு’ என்று வெட்டுவார்கள். எகரம் குறிலா நெடிலா, ஒகரம் குறிலா நெடிலா என்பதற்கும் வித்தியாசம் காட்டுவதில்லை. ‘எரி’ என்றாலும் ‘ஏரி’ என்றாலும் ஒரே எழுத்து. ‘கொடு’ என்றாலும் ‘கோடு’ என்றாலும் ஒரே எழுத்து. முன்னும் பின்னும் பார்த்து ஊகித்துப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பது அதற்குச் சொல்லப்படும் சமாதானம். பிறகு 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் என்கிற பெஸ்கி பாதிரியார் நெடிலுக்கு வேறு அடையாளம் வைத்துத் தெளிவாக்கினார். அவர் இத்தாலியிலிருந்து மதம் பரப்ப வந்தவர். அந்த வேலையைப் பற்றி நமக்குள்ள அபிப்பிராயம் வேறு. ஆனால் இரட்டைச் சுழியைப் பார்த்தால் நெடில் என்று இன்றைக்கு ஒரு குழந்தைகூடத் தெரிந்துகொள்கிறதென்றால், அந்த உபகாரத்தை மறைக்க வேண்டியதில்லை. இவ்வளவு கஷ்டப்பட்டு வந்த தெளிவை, ‘பழமை தெரிய வேண்டும்’ என்பதற்காகப் புள்ளியை எழுத்தோடு ஒட்டியும் சுழியைக் கொடியாக நீட்டியும் இப்போது மறைக்கிறார்கள்.

அப்படியானால் அந்தக் காலத்தில் அலங்கார எழுத்தே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. எங்கே இருந்ததென்று பாருங்கள். காஞ்சிபுரத்தில் ராஜசிம்ம பல்லவன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டின கைலாசநாதர் கோயில் இருக்கிறது. அதில் சுற்றிலும் உள்ள சின்னச் சின்ன ஆலயங்களில் அந்த ராஜாவினுடைய பட்டப்பெயர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்றல்ல, பத்தல்ல, 200-க்கும் மேற்பட்ட பட்டங்கள்! அவை போதாதென்று அந்தப் பட்டங்களையே வரிசை வரிசையாக வேறு வேறு தினுசு எழுத்தில் திரும்பவும் வெட்டியிருக்கிறார்கள். அதில் சுழித்துச் சுழித்துக் கொடி படர்ந்ததுபோல் பூவேலை செய்த எழுத்தும் உண்டு, வடநாட்டு நாகரி எழுத்தும் உண்டு. இந்தக் கடற்கரையிலேயே வடக்கே போனால் மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் ஒரு குகை இருக்கிறது. அங்கும் ஒரே புகழ்ச்சியை ஒரு பக்கம் கிரந்தத்திலும் மறுபக்கம் நாகரியிலும் வெட்டியிருக்கிறது. பாஷையோ சமஸ்கிருதம். மீன் பிடிக்கிறவனும் உப்பு விளைவிக்கிறவனும் அதைப் படிக்கவேண்டுமென்று ராஜா நினைத்திருப்பானா? அவர்கள் அண்ணாந்து பார்த்தால் போதும் என்பதுதான் கணக்கு. வரி எவ்வளவு, எல்லை எது என்று சொல்ல வேண்டிய இடத்தில் தமிழில், நடப்பு எழுத்தில் எழுதினார்கள். ‘நான் எப்பேர்ப்பட்டவன் தெரியுமா’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் பூவெழுத்தும் வடமொழியும் வந்தன. நாம் இதைக் கோயில் சுவரைப் பார்த்தே சொல்லுகிறோம். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்து வரலாம்.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உள்ள வியாதி என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் 1455 வாக்கில் குட்டன்பர்க் என்கிற ஜெர்மானியர் பைபிளை அச்சிட்டார். அவர் அச்செழுத்தை எப்படிச் செய்தார்? அன்று மடங்களில் கையால் எழுதிக்கொண்டிருந்தார்களே, நெருக்கமாய், கறுப்பாய், ஈட்டி நட்டு வைத்ததுபோன்ற எழுத்து, அதையே பார்த்து அப்படியே வார்த்தார். ஏனென்றால் அன்றைக்கு அதுதான் எல்லோரும் படித்த எழுத்து. பிறகு இத்தாலியில் வேறொரு காரியம் நடந்தது. அங்குள்ள படிப்பாளிகள் பழைய ரோமாபுரி நூல்களைத் தேடிப் பிடித்தார்கள். அவை வட்டமாய்த் தெளிவாய் ஓர் எழுத்தில் இருந்தன. இதுதான் ரோமருடைய பழைய எழுத்து என்று நம்பி அதைக் காப்பியடித்தார்கள். உண்மையில் அது ரோமர் கையெழுத்தே அல்ல. ரோமர் போய் முந்நூறு, நானூறு வருஷத்துக்குப் பிறகு சார்லமேன் ராஜாவின் காலத்தில் திருத்தின எழுத்து. நம்பிக்கை தப்பு, ஆனால் எழுத்து நல்ல எழுத்து. 1470-இல் வெனிஸ் நகரத்தில் ஜென்சன் என்பவர் அதை அச்சில் வார்த்தார். இன்றைக்கு இங்கிலீஷ் பத்திரிகையில் நீங்கள் பார்க்கிறது அதன் பேரப்பிள்ளைகள்தான். ஆகவே பழையதைப் பார்த்துச் செய்கிற காரியமெல்லாம் கெட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. படிக்கச் சுலபமானால் பழையதாயிருந்தால் என்ன, புதிதாயிருந்தால் என்ன? அது பழையது என்பதையே ஒரு யோக்கியதையாகக் காட்டி விற்கும்போதுதான் நாம் கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஜெர்மனியில் என்ன ஆயிற்று தெரியுமா? மற்ற தேசத்தாரெல்லாம் வட்டெழுத்துக்குப் போன பிறகும் அவர்கள் அந்த ஈட்டி எழுத்தைவிட்டு முழுதும் மாறவில்லை. இது எங்கள் இனத்தின் எழுத்து, எங்கள் ரத்தத்தின் எழுத்து என்று பெருமை பேசினார்கள். இட்லர் கட்சிக்காரர்கள் 1933-இல் பதவிக்கு வந்ததும் அந்தப் பெருமை இன்னும் தலைக்கேறிற்று. கட்சிச் சுவரொட்டி எல்லாம் அதே எழுத்து. அப்புறம் யுத்தம் வந்தது. பல தேசங்களைப் பிடித்தார்கள். பிடிபட்ட தேசத்து ஜனங்களுக்கு இவர்களுடைய உத்தரவைப் படிக்கத் தெரியவில்லை! உடனே 1941 ஜனவரி 3-ஆம் தேதி போர்மன் என்பவர் ஒரு சுற்றறிக்கை விட்டார். அதில் என்ன சொன்னார் தெரியுமா? இந்த எழுத்து ஜெர்மன் எழுத்தே அல்ல, இது யூதர்களுடைய எழுத்து, ஆகவே இனி இது கூடாது என்று சொன்னார். நேற்றுவரை இன ரத்தமாய் இருந்தது இன்று காலையில் எதிரியின் சரக்காகிவிட்டது. இதில் இன்னும் ஒரு விசேஷம், அந்தச் சுற்றறிக்கைக் காகிதத்தின் தலைப்பே அந்தப் பழைய எழுத்தில்தான் அச்சாகி இருந்தது. எழுத்தின் வளைவிலே ஜாதி இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, தெய்வம் இருக்கிறது என்று சொல்லுகிறவர்களுடைய யோக்கியதை எந்த நாட்டிலும் இவ்வளவுதான்.

இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்று ஒருவர் இருந்தார். சமதர்மக்காரர், தொழிலாளிகளுக்காகத் தெருவில் நின்று பேசினவர். அவரைப்பற்றி நமக்கு மரியாதை உண்டு. அவர் 1891-இல் ஓர் அச்சுக்கூடம் வைத்து, ஜென்சன் எழுத்தையும் மடத்து எழுத்தையும் பார்த்து அழகழகாய் அச்செழுத்துச் செய்தார். 1896-இல் சாசர் என்னும் பழைய புலவருடைய புத்தகத்தை அதில் அச்சிட்டார். காகிதத்தில் 425 பிரதிகள். ஒரு பிரதி 20 பவுன். அந்த விலைக்கு எந்தத் தொழிலாளி வாங்குவான்? நல்ல மனிதர் கையில் அகப்பட்டாலும் பழமை அலங்காரம் போய்ச் சேருகிற இடம் பணக்காரன் அலமாரிதான் என்பதற்காக இதைச் சொன்னோம்.

நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம். நாடி ஜோசியம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? கட்டை விரல் ரேகையை வாங்கிக்கொண்டு, ஒரு கட்டு ஓலையைக் கொண்டு வந்து, உன் தகப்பன் பெயர் இதில் இருக்கிறது, உன் ஆயுள் இதில் இருக்கிறது என்று ராகம் போட்டுப் படிக்கிறான். ஓலையை நீங்கள் வாங்கிப் பார்த்தால் ஓர் எழுத்தும் புரியாது. ‘இது ரிஷிகள் காலத்து எழுத்து, எல்லோருக்கும் வராது’ என்பான். அவனுக்கு நிலமில்லை, கடையில்லை. படிக்க முடியாத எழுத்துத்தான் அவனுக்கு முதல். நல்ல தெளிவான எழுத்தில் அந்த ஓலையை எழுதிக் கையில் கொடுத்தால் அன்றோடு கடை மூடிவிடும். பழைய எழுத்தை வணங்குகிறவன் ஏமாறுகிறான். ஆனால் பழைய எழுத்தைக் கற்றவன் ஏமாற்றைப் பிடிக்கிறான். இன்ன நூற்றாண்டில் எழுத்து இப்படி வளையும், இன்ன நூற்றாண்டில் இப்படி வளையாது என்று தெரிந்தவர்கள், பழைய செப்பேடு என்று சொல்லி வந்தவற்றில் பலவற்றைப் பின்னால் செய்த போலி என்று காட்டியிருக்கிறார்கள். நம் வாலிபர்கள் கல்வெட்டு எழுத்தைக் கற்க வேண்டும் என்பது நமது ஆசை. பிராமிக்கு 2010-லும், கிரந்தத்துக்கு 2014-லும் கம்ப்யூட்டர் எழுத்து வரிசையாகிய யூனிகோடில் தனி இடம் கொடுத்துவிட்டார்கள். அது கற்கிறவனுக்கு உதவுகிற காரியம். இன்றைய எழுத்துக்குப் பழைய வேஷம் போடுவது வேறு காரியம். இரண்டையும் ஒன்றென்று சேர்த்துப் பேசுகிறவர்களிடம் ஜாக்கிரதையாய் இருக்க வேண்டும்.

தமிழ் எழுத்து அச்சுக்கு வந்த கதையும் இதையே சொல்லுகிறது. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்று 16 பக்கத்தில் ஒரு கிறிஸ்தவப் புத்தகம் தமிழில் அச்சாயிற்று. பிறகு தரங்கம்பாடிப் பாதிரிமாருக்காக ஜெர்மனியில் ஹாலே என்னும் ஊரில் தமிழ் எழுத்து வார்த்து 1713-இல் கப்பலில் வந்தது. வந்த எழுத்து மிகப் பெரிதாயிருந்தது, காகிதமோ பஞ்சம். உடனே இங்கேயே சின்ன எழுத்தாக வார்த்துக்கொண்டார்கள். காகிதம் போதவில்லை என்றால் எழுத்தை மாற்றினார்கள். யாரும் ‘ஐயோ, எழுத்தின் புனிதம் போயிற்றே’ என்று அழவில்லை. 1935-இல் பெரியார் ‘குடி அரசு’ பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டு வந்து அச்சிட்டே காட்டினபோதுதான் அழுகை வந்தது. என்ன செய்தார்? ணகர றகர னகரங்களுக்கு ஆகாரம் எழுத ஒரு கொக்கி. ண, ல, ள, ன இவற்றுக்கு ஐகாரம் எழுத யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி. மற்ற எழுத்துக்கெல்லாம் சாதாரணக் காலும் சங்கிலியும் இருக்கும்போது இவற்றுக்கு மாத்திரம் ஏன் தனி வேஷம் என்று கேட்டார். ‘கா’ எழுதுகிறதுபோல் ‘ணா’ எழுது, ‘கை’ எழுதுகிறதுபோல் ‘லை’ எழுது என்றார். பிள்ளைகளுக்கும் சுலபம், அச்சுக் கோக்கிறவனுக்கும் சுலபம். தமிழ்நாட்டு சர்க்கார் அதை ஒப்புக்கொண்டு உத்தரவு போட்டது 1978-இல். 43 வருஷம் ஆயிற்று! அதிலும் ‘அய்’, ‘அவ்’ என்கிற பாகத்தை விட்டுவிட்டார்கள்.

இந்தச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம் போன தலைமுறை நாம். நாம் பள்ளியில் படித்தது கொஞ்சம். மற்றதெல்லாம் பொட்டலம் மடித்த காகிதத்திலும் வாசகசாலைப் பத்திரிகையிலும் படித்ததுதான். துதிக்கை வைத்த ‘லை’யை முதன்முதலில் பழைய புத்தகத்தில் பார்த்தபோது இது என்ன பூச்சி என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டோம். அப்படி விடைகொடுத்து அனுப்பின துதிக்கையை இப்போது சில எழுத்துருக்காரர்கள் ‘பாரம்பரியம்’ என்று பெயர் வைத்து அழைத்து வருகிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் வருகிறது, காப்பிக்கடைப் பலகையில் வருகிறது. காப்பிக்கடையில் வந்தால் போகட்டும். காப்பியை மோந்து பார்த்தே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத இடத்தைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டும். சென்ற வருஷம், இந்த ஊரல்ல, வேறொரு உப்பளக் கிராமத்தில், கண் பரிசோதனை முகாம் என்று ஒரு நோட்டீஸ் போட்டார்கள். போட்டவர்கள் பெயர் வேண்டாம். நல்ல எண்ணத்தோடு செய்தவர்கள். உப்பளத்தில் வெயில் வெள்ளைப் பாத்தியில் பட்டுக் கண்ணிலே குத்துகிறது. காலமெல்லாம் அதில் நின்று பலகை இழுக்கிறவர்களுக்குக் கண் எப்படிக் கெடும் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்களுக்குப் போட்ட நோட்டீசை அச்சுக்கடைக்காரர் கல்வெட்டு எழுத்தில் அடித்துக் கொடுத்துவிட்டார். மண் நிறத்துக் காகிதம், அதன்மேல் அரித்துப்போன எழுத்து. அதுவும் போதாதென்று தேதியைத் தமிழ் எண்ணில் ‘௧௮’ என்று போட்டிருந்தார். கிராமத்தார் அதை ‘கஅ’ என்று படித்து, இது என்ன மந்திரமா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். முகாம் நடந்தது; டாக்டர் வந்து காத்திருந்து போனார். மறுநாள் காலையில் ஏழெட்டுப் பெண்கள் கூலியை விட்டுவிட்டு வந்து பூட்டின கதவைப் பார்த்துத் திரும்பினார்கள். ஒரு நாள் கூலி போயிற்று, கண்ணும் பார்த்தபாடில்லை. கூலிக்கும் எழுத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று ஆரம்பத்தில் சொன்னோமே, அது இதுதான்.

இதில் பெரிய வேடிக்கை, அந்தத் தேதி பழைய முறையும் அல்ல! கல்வெட்டிலும் ஓலையிலும் 18 என்பதைப் பத்துக்கு ஓர் அடையாளமும் எட்டுக்கு ஓர் அடையாளமும் சேர்த்து ‘௰௮’ என்றுதான் எழுதுவார்கள். பழைய முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி உண்டு. இவர்கள் இங்கிலீஷ் கணக்குமுறையை எடுத்துத் தமிழ் வேஷம் போட்டுப் பழமை என்றார்கள். இன்றைக்குப் படிக்கிறவனுக்கும் உதவாது. ராஜராஜன் எழுந்து வந்தாலும் அவனுக்கும் உதவாது.

உப்புப் பாக்கெட்டைப் பாருங்கள். நீங்கள் வாரிக் கொடுத்த உப்புத்தான். முன்பக்கத்தில் ஒரு கோபுரம், கீழே கல்வெட்டு எழுத்தில் பெரிதாய்த் தமிழில் ஒரு பெயர். திருப்பிப் பார்த்தால் நிறை, விலை, அடைத்த மாதம், அயோடின் சேர்த்ததா என்கிற விவரம் எல்லாம் எறும்பு ஊர்ந்ததுபோல் இங்கிலீஷில். நிறை, விலை, அடைத்த மாதம் முதலியவற்றுக்கு 2011-ஆம் வருஷத்து அளவைச் சட்ட விதிகள் இங்கிலீஷ் அல்லது இந்தி போதும் என்கின்றன. மற்ற பாஷை கூடச் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு அயோடின் இல்லாத உப்பை விற்கக் கூடாது என்று 2006-இல் தடை போட்டார்கள். கடைக்கு வரும்போது பத்து லட்சம் பங்கில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும். அந்த விவரத்தைத் தாய்மார் படிக்க முடியாது. கோபுரத்தைத்தான் பார்க்க முடியும். கவர வேண்டிய இடத்தில் தமிழ், அதுவும் மாலை போட்ட தமிழ். தெரிவிக்க வேண்டிய இடத்தில் தமிழே இல்லை. அந்தப் பல்லவராஜா செய்ததைத் தலைகீழாய்த் திருப்பிச் செய்கிறார்கள். உழைக்கிறவனுக்குப் புரியாமல் இருக்க வேண்டும் என்பதில் மாத்திரம் மாற்றம் இல்லை.

மற்றவர்களைச் சொல்லிக்கொண்டே போனால் போதுமா? நமது தோழர்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. புரோகிதன் இல்லை, தாலி இல்லை என்று சுயமரியாதைத் திருமணம் செய்கிறீர்கள். அதற்கு 1967-இல் சட்டமும் வந்துவிட்டது. பத்திரிகையை மாத்திரம் ஏன் ஓலைச்சுவடி மாதிரி வெட்டி, சுருட்டி, கயிறு கட்டி, புரியாத எழுத்தில் அடித்துக் கொடுக்கிறீர்கள்? நமக்கு வந்த ஒன்றில் கல்யாணம் திண்டிவனத்திலா திண்டுக்கல்லிலா என்று தெரியவில்லை. கூட்டச் சுவரொட்டியிலும் அப்படித்தான். தீ எரிகிறதுபோல் எழுத்து, அதன்மேல் ரத்தம் வடிகிறதுபோல் வர்ணம். எங்கே கூட்டம், எத்தனை மணிக்கு என்பதை மூலையில் தேட வேண்டியிருக்கிறது.

அழகே கூடாதா என்று அச்சுக்கடைத் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார். வேண்டாமென்று யார் சொன்னது? வாசலில் கோலம் போடுகிறீர்கள், அழகாய்த்தான் இருக்கிறது. ஆனால் கோலத்தை வாசலில் போடுகிறீர்களே தவிர, கண்ணாடிக்குமேல் போடுவதில்லை. சினிமாப் படத்தின் பெயரா, நாடகத்தின் பெயரா, புத்தக அட்டையா, இரண்டு மூன்று வார்த்தைதானே, உளியால் வெட்டினதுபோல் போடு, கொடி படரவிடு, உன் கைவரிசையைக் காட்டு. நாமும் நின்று பார்த்து ரசிக்கிறோம். தேதி, இடம், விலை, கூலி, மருந்தின் அளவு, பூச்சிமருந்து டப்பாவில் ‘விஷம்’ என்கிற வார்த்தை, கரண்டுக் கம்பத்தில் ‘தொடாதே’ என்கிற வார்த்தை, இவற்றில் கை வைக்காதே என்றுதான் சொல்லுகிறோம். நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கிறவர்களும் ஒன்று செய்யலாம். சரி பார்க்கிற பிரதியைப் படித்தவரிடம் காட்டாதீர்கள். படித்தவர் ஊகித்துப் படித்துவிடுவார். நாலாவது, ஐந்தாவது படித்துவிட்டு அளத்துக்கு வந்த ஒருவரிடம் காட்டிச் சத்தம்போட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறாரோ அங்கே எழுத்து கெட்டது.

அதோ பின்னால் சுவரில் இரண்டு காகிதம் ஒட்டியிருக்கிறது. இரண்டிலும் ஒரே விஷயம்தான். அடுத்த கண் முகாம் எந்தத் தேதி, எந்த இடம் என்கிற விவரம். ஒன்று அந்தக் கல்வெட்டு எழுத்தில் இருக்கிறது, மற்றது சாதாரண எழுத்தில் இருக்கிறது. நாம் வாசித்துக் காட்டப் போவதில்லை. முதலில் அளத்தில் வேலை செய்கிற தாய்மார்கள் எழுந்து வந்து, பத்தடி தள்ளி நின்று இரண்டையும் படியுங்கள். ஆண்கள் அதற்கப்புறம் வரட்டும். எது புரிகிறதென்று நீங்கள் சொல்லுகிறீர்களோ அதை நாளைக்கு 500 பிரதி அடித்து அளம் அளமாய்க் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறது.